வீடிழந்தாரும் வீடற்றாரும்

வேலணைத் தீவின் தென்கரையில் அமைந்த சாட்டி, வெண்மணற் கடற்கரைக்கும் நன்னீர்க் கிணறுகளுக்கும் பெயர்பெற்றது. தீவகத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஆதலால் நன்னீர் சுரக்கும் கிணறே அங்கு ஒரு குடும்பத்தின் முதற் செல்வம். பனங்காணி, தோட்டம், தோணி, வலை என்பன அதற்கு அடுத்தவை. இவையெல்லாம் கூடியதையே தீவக மக்கள் வீடு எனக் கருதினர்.

அத்தகைய மக்கள் நெடுங்காலம் வீடின்றி அலைய நேர்ந்தது எவ்வாறு? போர் என ஒரே சொல்லில் விடை கூறலாம். அது பாதி விடையே. மக்களை ஒரு நாளில் வீட்டைவிட்டுத் துரத்தப் போரினால் முடிந்தது. அவர்கள் பத்தும் இருபதும் ஆண்டுகள் வீடற்றோராகவே இருந்தமைக்குக் காரணங்கள் வேறும் உண்டு.

1990, 1991ஆம் ஆண்டுகளில் அரச படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபொழுது, வேலணை முதலிய தீவுகளிலிருந்து பெருந்தொகையானோர் குடாநாட்டிற்கு ஓடினர். உறவினர் வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும் புகலிடமாயின. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், படையினர் யாழ்நகரை நெருங்க, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். தீவக அகதிகளுக்கு அது இரண்டாம் பெயர்வு. முதன்முறை கைகொடுத்த நகையும் சேமிப்பும் அதற்குள் கரைந்திருந்தன. அடைக்கலம் தந்த உறவினரும் இப்பொழுது அகதிகளே.

காலப்போக்கில் பலர் தீவகத்துக்கு மீண்டனர். ஆயின் 2006 ஓகஸ்டில் அதே வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில், புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. பலர் மாண்டனர், எஞ்சியோர் ஊர்காவற்றுறைக்கு ஓடினர். ஒவ்வொரு பெயர்வும் அடுத்த பெயர்வைத் தாங்கும் வலிமையைக் குறைத்தது.

யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாறு மற்றொரு காரணத்தைக் காட்டுகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அவர்களைப் பணித்தனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். 2009இல் போர் முடிந்தபொழுது அங்கு ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்திருந்தது. ஒரு குடும்பமாகச் சென்றோர் இரண்டு மூன்று குடும்பங்களாயினர். ஊரிலிருந்த காணியோ பழைய அளவினதே. திரும்பும் உரிமை இருந்தும் குடியிருக்க இடம் போதவில்லை.

சட்டமும் ஒரு தடையாயிற்று. பிறர் காணியைப் பத்தாண்டுகள் இடையறாது எதிரிடையாக ஆண்டவர், அதற்கு உரிமை கோர இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. ஓடியவர் பலரின் உறுதிகள் தொலைந்தன. எல்லை வேலிகள் அழிந்தன. எல்லை அறிந்த முதியோர் இறந்தனர். பயங்கரவாதக் குழுக்களின் செயல்களால் வழக்கிட இயலாதிருந்தோரைக் காக்க 2016ஆம் ஆண்டில்தான் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

பெருநகர நடைபாதைகளில் ஆண்டுக்கணக்காக உறங்குவோரைக் கண்டு, அவர்தம் சோம்பலே காரணம் என்பாரும் உளர். உழைத்துண்ட தீவக விவசாயியும் மீனவனும் அடைந்த நிலை அக்கூற்றைப் பொய்யாக்குகிறது. சேமிப்பு, உறவு, தொழில், உரிமைப் பத்திரம் ஆகிய தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தபின், எத்துணை உழைப்பாளியும் தனியே எழுந்து நிற்றல் அரிது.

போருக்குப் பின்னர் இந்திய உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. அது பெரும்பணியே. எனினும் காணியுரிமையைக் காட்ட இயலாதார்க்கு அவ்வுதவி எட்டுவது கடினமாயிற்று. வீடு கட்டித் தருவோர், கிணற்றைத் தூர்வாரவும், எல்லையை அளக்கவும், வலையும் தோணியும் பெறவும் உதவுவாராயின், பெயர்ந்தவர் மீண்டும் ஊரவராவர். அதுவரை அவர் ஒரு கூரையின்கீழ் உறங்கினும் வீடற்றவரே.