தலையில் முளைத்த மருந்து

தீமிதித் திருநாளன்று சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள் வந்து சேருமிடம் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். அதே சாலையில், கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், யூ யான் சாங் சீன மருந்துக்கடை இருக்கிறது. 1879இல் பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருந்து விற்கத் தொடங்கி, 1910இல் சிங்கப்பூருக்கு வந்த நிறுவனம். இத்தகைய கடைகளில் பறவைக்கூடு, ஜின்செங் எல்லாவற்றையும் தாண்டிப் பூட்டிய கண்ணாடிக்குள் ஒரு சரக்கு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த வேர். கிட்டப் போனால் கால்கள் தெரியும், உடம்பு வளையங்கள் தெரியும். மஞ்சள் பழுப்பு நிறத்தில் ஒரு புழு, அதன் தலையிலிருந்து கருத்த குச்சி ஒன்று நீண்டிருக்கும். ஊரில் எல்லாரும் கார்டிசெப்ஸ் என்பது இதைத்தான்.

2023இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில், மனிதர்களை ஜாம்பிகளாக்கும் பூஞ்சையின் பெயரும் கார்டிசெப்ஸ்தான். அதைப் பார்த்து நடுங்கிய பலர், பரீட்சைக் காலத்தில் கார்டிசெப்ஸ் கலந்த கோழிச் சாறு குடித்து வளர்ந்தவர்கள். நம் உடம்புச் சூடு இந்தப் பூஞ்சைக்கு ஒத்துவராது. குடித்தவர் பயப்பட வேண்டியதில்லை. புழுவின் நிலைமைதான் வேறு.

திபெத்தையும் இமயத்தையும் சேர்ந்த, 3,000 முதல் 5,000 மீட்டர் உயரமுள்ள புல்வெளிகள்தாம் மருந்துக்கடைக் கார்டிசெப்ஸின் பிறந்த வீடு. அங்கே ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே வேர்களைத் தின்று கிடக்கும். பூஞ்சையின் வித்து புழுவின் தோலில் ஒட்டி, துளைத்து உள்ளே போகிறது. பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் சிறிது சிறிதாகத் தின்று தன்னை நிரப்பிக்கொள்கிறது. சாகும் தறுவாயில் புழு மேல்மண்ணுக்கு வந்து, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே, தலை மேலாகச் செங்குத்தாக நின்றுவிடுகிறது. குளிருக்கு ஆழத்தில் ஒடுங்க வேண்டிய பிராணி மேலே வந்து நிற்பது பூஞ்சைக்கு மட்டுமே லாபம். பனி உருகியதும் தலையைப் பிளந்து குச்சி வெளியே வரும். அதிலிருந்து அடுத்த தலைமுறை வித்துகள் காற்றில் கிளம்பும்.

மண்ணுக்கடியில் நடப்பதைப் பார்ப்பது கடினம். ஆனால் இதன் பங்காளிப் பூஞ்சை ஒன்று எறும்பைப் பிடிக்கும் விதம் கண்ணெதிரே நடப்பது. 2009இல் தாய்லாந்துக் காடு ஒன்றிலிருந்து வந்த ஆய்வு வியப்பானது. மர உச்சியில் வாழும் எறும்பு பூஞ்சை தொற்றியதும் கீழே இறங்கி, தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இலையின் அடிநரம்பைக் கவ்விக்கொண்டு சாகிறது. ஈரப்பதமும் வெப்பமும் பூஞ்சைக்கு வாய்ப்பான உயரம் அது. மூளையைப் பிடித்துத்தான் ஆட்டுகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட படங்களில், பூஞ்சைச் செல்கள் தசைகளைச் சுற்றி வலை பின்னியிருந்தன. மூளைக்குள் மட்டும் நுழையவில்லை. எனக்கு எந்த ஜாம்பிப் படத்தையும்விட இதுதான் திகில். ஜெர்மனியின் மெசலில் கிடைத்த, 4.8 கோடி ஆண்டு பழைய இலைப் புதைபடிவத்திலும் நரம்போரம் இதே கடித் தழும்புகள் உண்டு.

அத்தனை காலத்துக்கு முன், மனிதன் புழுப் பூஞ்சையை மருந்தாக்கியது நேற்றைய சங்கதி. 15ஆம் நூற்றாண்டுத் திபெத்திய மருத்துவர் சுர்க்கர் ஞாம்னி தோர்ஜே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதை மேய்ந்த யாக் மாடுகள் முறுக்கேறித் திரிந்ததைக் கண்டே இடையர்கள் இதைத் தேடினார்கள் என்பது செவிவழிக் கதை. அறிவியல் பெயர் சூட்டியவர் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், 1843இல்.

உலகச் சந்தையில் இதன் பெயரை ஓங்க வைத்தது ஓட்டப்பந்தயம். 1993 செப்டம்பரில், பெய்ஜிங்கில் வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 வினாடியில் ஓடி, பழைய சாதனையை 42 வினாடி குறைத்தார். பயிற்சியாளர் மா ஜுன்ரென், கார்டிசெப்ஸும் ஆமை ரத்தமும் தந்த பலம் என்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன் ரத்தப் பரிசோதனைச் சந்தேகத்தால் அவரது ஓட்டக்காரர்கள் பலர் நீக்கப்பட்டார்கள் என்பதை விளம்பரக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. விலை ஏறியது ஏறியதுதான். உயர்ந்த ரகம் எடைக்கு எடை தங்கத்தை மிஞ்சிய ஆண்டுகள் உண்டு.

அதன் விளைவை உத்தராகண்டின் முன்சியாரி, தார்சூலா பக்கம் காணலாம். அங்கே பெயர் 'கீடா ஜடி'. மே, ஜூன் மாதங்களில் குடும்பம் குடும்பமாக மலையேறி, கூடாரமடித்து, ஈரப் புல்லில் குப்புறப் படுத்துத் தீக்குச்சி அளவுக் குருத்தைத் தேடுகிறார்கள். நேபாளத்தின் டோல்பாவில் அந்தப் பருவத்தில் பள்ளிக்கூடமே மூடப்படும். வித்து உதிருமுன்பே பிடுங்கிவிடுவதால் மறுவிளைச்சல் குறைகிறது. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் இதை அழிவபாயப் பட்டியலில் சேர்த்தது.

ஆண்மை, சிறுநீரகம், நுரையீரல் என்று இதன் பெயரில் சொல்லப்படும் பலன்களுக்கு மருத்துவச் சான்று மெலிவுதான். ஆனால் இந்தப் பூஞ்சைக் குடும்பத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சில்வண்டின் இளம்பூச்சியைக் கொல்லும் உறவுக்காரப் பூஞ்சை ஒன்றின் வேதிப்பொருளிலிருந்துதான் ஃபிங்கோலிமோட் மாத்திரை பிறந்தது. நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அதை அமெரிக்கா 2010இல் அனுமதித்தது.

சந்தைகளில் சூப்புக்கு மலிவாகக் கிடைக்கும் ஆரஞ்சு நிறக் 'கார்டிசெப்ஸ் பூ' வேறு இனம், பண்ணையில் வளர்ப்பது. வீட்டில் சைவக்காரர் இருந்தால் வாங்குமுன் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். அரிசியிலோ கோதுமையிலோ மட்டும் வளர்ந்ததென்றால் சிக்கலில்லை. பட்டுப்புழுக் கூட்டுப்புழுவில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.