ஒளி காட்ட வேண்டியது மூட்டின் படத்தையா, நோயின் போக்கையா?

முடக்குவாத சிகிச்சையில் படம் துல்லியமானால் பலனும் கூடும் என்று நம்பியவர்களுக்கு 2016 நல்ல ஆண்டாக அமையவில்லை. நார்வேயின் 11 மருத்துவமனைகளில் நடந்த ஆர்க்டிக் ஆய்வில், நோய் தொடங்கிய நிலையிலிருந்த ஒரு பிரிவினருக்கு வழக்கமான பரிசோதனையின்படி மருந்து கூட்டப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அதனுடன் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தது. ஈராண்டு முடிவில், வீக்கமும் புதிய எலும்புச் சேதமும் இன்றி நோய் தணிந்த நிலையில் நீடித்தவர்கள் அல்ட்ராசவுண்ட் பிரிவில் 22 விழுக்காடு, மற்றதில் 19. புள்ளியியலின்படி இது வேறுபாடே அல்ல. கைக்கு எட்டாத அழற்சியைக் கண்டு மருந்தை ஏற்றியதால் கூடுதல் நன்மை கிடைத்ததென்று நிறுவ முடியவில்லை.

மூட்டில் ஒளியைச் செலுத்தி அழற்சியைத் தேடும் ஒளிவழிப் படமாக்கல் பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்கும் இன்னும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோதான் அளவுகோல். அதை எட்டிவிட்டால்தான் என்ன? மூலக்கருவி தராத பலனை அதன் மலிவுப் பதிப்பு தருமா? ஒரே நோயாளியை அடிக்கடி அளக்க முடிவதில்தான் ஒளியின் பயன் இருக்கிறது என்பது என் வாதம்.

அழற்சியுற்ற மூட்டுச் சவ்வில் புதிய இரத்த நாளங்கள் முளைக்கின்றன. இரத்தம் பெருகியும் திசு ஆக்சிஜன் போதாமல் தவிக்கிறது. தெளிந்திருக்க வேண்டிய மூட்டுநீர் உயிரணுக்களால் கலங்குகிறது. ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியை ஹீமோகுளோபினும் நீரும் குறைவாகவே உறிஞ்சுவதால், அது விரல் மூட்டை ஊடுருவி மறுபுறம் வருகிறது. வரும் வழியில் இரத்தம் அதை ஓரளவு உறிஞ்சுகிறது, கலங்கிய நீர் சிதறடிக்கிறது. விரலுக்கு இது பொருந்தும். இடுப்பு மூட்டுக்குப் பொருந்தாது.

இந்த இயற்பியலை இரு கருவிகள் இரு விதமாகக் கையாள்கின்றன. ஜெர்மனியில் உருவான சிராலைட், இண்டோசயனின் கிரீன் என்னும் ஒளிரும் சாயத்தைச் சிரையில் செலுத்தி, 6 நிமிடங்களில் 360 படங்கள் எடுக்கிறது. படம் செழுமையானது. ஆனால் ஊசி வேண்டும், அயோடின் ஒவ்வாதவர்களை விலக்க வேண்டும், படத்தைப் படிக்கப் பயின்ற கண்ணும் வேண்டும். நெதர்லாந்தின் ஹேண்ட்ஸ்கேன் ஊசியின்றி இயங்குகிறது. காற்றுப்பட்டையால் கையின் இரத்த ஓட்டத்தைச் சற்றுத் தடுத்து, 660, 810 நானோமீட்டர் ஒளி மூட்டைக் கடப்பது எப்படி மாறுகிறது என்று ஓரிரு நிமிடங்களில் அளக்கிறது. அது அளப்பவை 22 மூட்டுகள். நோய்த் தீவிரத்துக்கான டாஸ்28 குறியீட்டின் 28 மூட்டுகளில் தோள், முழங்கை, முழங்கால் என ஆறைக் கழித்தால் மிஞ்சுவதும் அதே 22தான். (பாதத்தை இரண்டுமே பார்ப்பதில்லை. முடக்குவாதம் விரும்பித் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.)

இத்தகைய அளவு டாஸ்28 குறியீட்டோடு மிதமாகவே ஒத்துப்போகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. அக்குறியீட்டில் நோயாளியின் சுய மதிப்பீடும் தொட்டால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும் உண்டு. உடலெங்கும் வலி தரும் ஃபைப்ரோமையால்ஜியா உள்ளவருக்கு அழற்சி இல்லாமலே அது உயரும். ஆகவே ஒத்துப்போகாமை மட்டுமே தோல்விக்குச் சான்றாகாது. அதற்காக ஒளி அழற்சியை நேரடியாகக் காண்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. அது காண்பது இரத்தத்தை. குளிர்ந்த விரல், விரல் நாளங்கள் சுருங்கும் ரேனாட் நோய், விரல் தடிமன் எல்லாமே அளவைக் குழப்பும். முன்பின் தெரியாத ஒருவரின் கையை ஒருமுறை அளந்து நோய்ப்பெயர் சொல்ல இது போதாது. ஆனால் விரல் தடிமன் போன்றவை ஒருவரிடம் பெரிதும் மாறாதவை. அவரையே அவரோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கழிந்துவிடும்.

தோல் நிறமும் அப்படிக் கழியும் என்றுதான், விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் எதிர்பார்த்தார்கள். இரு அலைநீளங்களின் விகிதம் மெலனினை நீக்கிவிடும் என்பது கணக்கு. அமெரிக்க நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு, கருவியிடம் தப்பிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய 3 மடங்கு இருந்ததைக் காட்டியது. மூட்டைப் பார்க்கும் ஒளிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஐரோப்பியக் கைகளில் வகுத்த எல்லை மதிப்புகளை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒருவரின் முந்தைய அளவே அவருக்கு எல்லையானால் இந்தப் பிழை பெருமளவு அடங்கும். முற்றிலும் அடங்காது: கறுத்த தோலைக் கடந்து வரும் ஒளி குறைவு, அதனால் இரைச்சல் அதிகம். வெயிலில் நிறம் மாறுவதும் உண்டு.

அடிக்கடி அளப்பது ஏன் முக்கியம்? கிளாஸ்கோவில் நடந்து 2004இல் வெளியான டைகோரா ஆய்வில், மாதந்தோறும் பார்த்து விதிப்படி மருந்தைக் கூட்டிய பிரிவில் 65 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கம்போல் பார்த்த பிரிவில் 16 விழுக்காட்டினருக்கே. அங்கே சிகிச்சையை வழிநடத்த எந்தப் படமும் இல்லை. மூட்டுவாத நிபுணரை மாதந்தோறும் பார்க்க வாய்ப்பில்லாத இடங்களில் அந்த நெருக்கத்தின் ஒரு பகுதியையாவது, செவிலியரே இயக்கும் ஒளிக்கருவி ஈடுசெய்யுமா என்பதே சோதிக்க வேண்டிய கருதுகோள்.

அதற்கு முதலில், நோய் அடங்கியிருக்கும் வாரங்களில் ஒரே கையைத் திரும்பத் திரும்ப அளந்து, அளவு தானாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அறிய வேண்டும். அதைத் தாண்டும் உயர்வு மூட்டு வீங்குமுன்பே வருகிறதா என்பது அடுத்த கேள்வி. எல்லாத் தோல் நிறத்தவரும் ஆய்வில் போதிய அளவு இடம்பெற வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவினரையும் செவிலியர் அதே இடைவெளியில், கருவி இல்லாமல், பார்க்க வேண்டும். இல்லையேல் கிடைத்த பலனில் ஒளியின் பங்கு எது, அடிக்கடி பார்த்ததன் பங்கு எது என்று பிரிக்க வழியிராது.