பாத்திரத்தில் வெட்டிய பெயர்



தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் சிறிது நேரத்தில் சென்று சேரக்கூடிய பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. செடிகள், பழைய மின்கருவிகள், நாற்காலிகள், துணிகள் ஆகியவற்றுக்கு இடையே, விரித்த சாக்குகளின்மேல் பித்தளைச் செம்புகளும் வெண்கலக் கும்பாக்களும் கிடக்கும். ஐரோப்பாவுக்குச் சென்று வருகிறவர்கள் அங்குள்ள பழம்பொருள் சந்தைகளில் சிறு மணியையும் கரண்டியையும் மெழுகுவர்த்தித் தண்டையும் தேடி வாங்கி வருவதுண்டு. நமக்கோ அப்படிப்பட்ட சந்தை வீட்டருகிலேயே இருக்கிறது.

அங்கே ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்தால், அதன் கழுத்தையோ அடிப்புறத்தையோ திருப்பிப் பாருங்கள். சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்ட பெயர் ஒன்று பெரும்பாலும் தென்படும். சிலவற்றில் தலைப்பெழுத்துகள் மாத்திரம். சிலவற்றில் திருமண நாளும் இருக்கும். இதற்குக் காரணம் எளியது. கலியாணத்திற்கும் ஆலயத்தின் அசனத்திற்கும் அண்டாக்களும் குண்டான்களும் வீட்டுக்கு வீடு இரவலாகச் சென்றன. பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்தபின், அவரவர் பாத்திரம் அவரவர் வீடு திரும்பப் பெயரே வழிகாட்டியது.

பின்னர் எவர்சில்வர் வந்தது. பித்தளையைப் புளியிட்டுத் துலக்க வேண்டும். புளிப்பான உணவு கெடாதிருக்க உட்புறம் ஈயம் பூச வேண்டும். புதிய உலோகத்திற்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஆகவே பழைய பாத்திரங்கள் பரணுக்கு ஏறின. பரணிலிருந்து பழைய சாமான் கடையின் தராசுக்கு இறங்கின. தராசு எடையை மட்டுமே அறியும், பெயரை அறியாது.

இதை நான் குற்றவுணர்வோடுதான் எழுதுகிறேன். என் தாயார் மறைந்தபின், வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், பித்தளை முழுவதையும் ஒரே பிற்பகலில் எடைக்குப் போட்டோம். என் பாட்டியின் பெயர் வெட்டிய செம்பும் அவற்றோடு போயிற்று. கிடைத்த பணம் எவ்வளவு என்பது இன்று நினைவில் இல்லை. ஆனால் அந்நாள் முதல், பல்லாவரத்தில் எந்தச் செம்பைக் கண்டாலும் என் கை தானாகவே அதைத் திருப்பிப் பார்க்கிறது.

பெயர் வெட்டிய ஒரு தமிழ் உலோகப் பொருள் எவ்வளவு தூரம் அலையக்கூடும் என்பதற்கு வரலாறு ஓர் அரிய சான்றை வைத்திருக்கிறது. சர்ச் மிஷனெரி சங்கத்தின் அச்சாளராக 1834-ல் நியூசிலாந்து சென்றவர் வில்லியம் கொலென்சோ. 1837-ல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர் இவரே. ஏறக்குறைய 1836-ல், அந்நாட்டின் வடபகுதியில், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தை அவர் கண்டார். புயலில் சாய்ந்த மரத்தின் வேர்களுக்கிடையே அது கிடைத்ததாக அவர்கள் கூறினார்கள். உற்று நோக்கினால் அது பாத்திரமே அன்று. உடைந்துபோன ஒரு மணி. அதைச் சுற்றி ஏதோ எழுத்துகள் இருந்தன. கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டார்.

அவ்வெழுத்து தமிழ்! தமிழறிந்தோர் வாசித்தபோது, முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி அது என்று தெரியவந்தது. சோழமண்டலக் கரையின் முஸ்லிம் கப்பல் வணிகர்களுள் அவரும் ஒருவராயிருக்கலாம். கப்பல் எப்படி அழிந்தது, மணி எவ்வாறு அங்கே சேர்ந்தது என்பது இன்றும் புதிர். கொலென்சோ 1899-ல் இறந்தார். மணியோ இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

கப்பல் போயிற்று; மணி சமையல் பாத்திரமாயிற்று; பெயரோ அழியவில்லை. எழுத்தைக் கண்டு மதித்த ஒருவர் கையில் சேர்ந்ததால், அவர் வாசிக்க அறியாத அந்தப் பெயர் காக்கப்பட்டது.

சகரியா தீர்க்கதரிசி தம் நூலின் கடைசி அதிகாரத்தில் ஒரு காட்சியைக் கண்டார். குதிரைகளின் மணிகளில் கர்த்தருக்குரிய எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். எருசலேமின் சாதாரணப் பானைகளும் அவருக்கே பரிசுத்தமாயிருக்கும். மணியையும் பானையையும் ஒரே மூச்சில் சொன்ன அவருக்கு, அடுக்களைப் பாத்திரம் அற்பமாகத் தோன்றவில்லை.

ஆகையால் பிரியமானவர்களே, உங்கள் பரணில் இன்னும் ஒரு செம்பு இருக்குமானால், இந்த வாரம் அதை இறக்குங்கள். துலக்கி, திருப்பி, பெயரை வாசியுங்கள். அது யார், எந்த ஊர், எந்தக் கலியாணத்தில் வந்தது என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு, பிள்ளைகள் அறிய எழுதி வையுங்கள். பிறகு விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். வாசிக்காமல் மட்டும் தராசில் வைத்துவிடாதீர்கள்.

நம் பெயர்களை அறிந்திருக்கிற தேவன்தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.