துளையட்டை ஊர் சுற்றிய கதை

ஆரணியிலோ பக்கத்துத் தேவிகாபுரத்திலோ பட்டு நெய்கிற வீட்டுக்குள் போனால், தறிக்கு மேலே உத்தரத்தை ஒட்டி ஒரு பெட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஜக்கார்டு பெட்டி. ஊரில் வெறும் ‘பெட்டி’ என்றாலே போதும். 120 கொக்கியா, 240 கொக்கியா என்று கேட்டுக்கொள்வார்கள். அதிலிருந்து, ஒன்றோடொன்று கோத்த அட்டைகள் மாலை போலத் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் பொடிப்பொடியாகத் துளைகள். நெசவாளர் மிதியை மிதித்ததும் ஓர் அட்டை முன்னே வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் கொக்கி தன் பாவு நூலைத் தூக்கிக்கொண்டு மேலேறும். துளை இல்லாத இடத்தில் கொக்கி தள்ளப்பட்டுக் கீழேயே நின்றுவிடும். நடுவே நாடா பாயும். இப்படி ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்று போய்ப்போய்த்தான் கரையில் மயிலும் முந்தியில் மாங்காயும் எழுகின்றன.

இந்த அட்டைக்கும், நம் அலுவலகங்களின் வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, பணியாளர் கோப்பு ஆகியவற்றுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. ஆள் எடுப்பது, பழக்குவது, எடை போடுவது என்று நிறுவனங்கள் இன்று செய்கிற பல வேலைகளின் குடும்ப மரத்தை ஆராய்ந்தால், ஒரு வேர் பட்டுத் தறியில் போய் முடிகிறது.

கதை சீனாவில் தொடங்குகிறது. பூவேலைப் பட்டு நெய்ய அங்கே உயரமான இழுதறி இருந்தது. 1637-இல் சொங் யிங்சிங் எழுதிய ‘தியான்கொங் காய்வூ’ என்னும் தொழில்நுட்ப நூலில் அதன் படம் உண்டு. கீழே நெசவாளர் உட்கார்ந்திருக்க, தறியின் உச்சியில் இன்னொருவர் ஏறிக்கொண்டு எந்தெந்த நூல் எழ வேண்டுமோ அதற்கான கயிறுகளை இழுத்துக்கொண்டிருப்பார். தறிக்கு வைத்த ‘உதவியாளர்’ அவர். இழுதறி மேற்கே பயணப்பட்டு ஐரோப்பாவுக்கும் போனது. பிரான்சின் லியோன் நகரில் கயிறு இழுக்கும் வேலைக்குச் சிறுவர் சிறுமியரை வைத்தார்கள். நம் பக்கம் ‘அடை’ என்ற நூற்கட்டு முறை இருந்தது. அதிலும் கரை வேலைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று நூலைத் தூக்கித் தர வேண்டும். மூன்று நாடுகளிலும் ஒரே சிக்கல்: ஒரு தறிக்கு இரண்டு ஆள். அதில் ஒருவர், பெரும்பாலும், பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை.

அந்த இரண்டாவது ஆளை விலக்கும் யோசனை, பாட்டுக் கருவியிலிருந்து வந்தது. லியோனில் பாசில் பூஷோன் என்பவரின் தந்தை ஆர்கன் செய்பவர். எங்கெங்கே ஒலி எழ வேண்டும் என்று திட்டமிட்டுக் குறிக்கும் பழக்கத்தை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் 1725-இல் காகிதச் சுருளில் துளை போட்டுத் தறியோடு இணைத்தார். சுருள் கிழிந்தது. மூன்று ஆண்டு கழித்து ஃபால்கோன் என்பவர் சுருளை நறுக்கித் தனித்தனி அட்டைகளாக்கிக் கோத்தார். 1745-இல் வோகான்சோன் வந்தார். இரை தின்று எச்சமும் போடுகிற இயந்திர வாத்தைச் செய்து காட்டிப் புகழ்பெற்றவர். பட்டுத் தொழிலை மேற்பார்வையிட அரசு அவரை நியமித்திருந்தது. அவர் கொண்டுவந்த விதிமுறைகள் பிடிக்காமல் லியோன் நெசவாளர்கள் கல்லெறிந்தார்கள். துறவி வேடத்தில் தப்பினார் என்று சொல்வார்கள். கயிறு இழுக்கும் ஆளே வேண்டாத தறியொன்றை அவர் செய்தார். யாரும் சீந்தவில்லை. பிரித்துப்போட்ட நிலையில் அது பாரீஸ் அருங்காட்சியகத்தில் கிடந்தது.

அதைத் தேடிப் போய்ப் பார்த்தவர்தான் ஜோசப் மாரி ஜக்கார். 1752-இல் லியோனில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். பழைய தறியைச் சீர்செய்து, ஃபால்கோனின் அட்டையையும் வோகான்சோனின் பொறியையும் சேர்த்து 1804 வாக்கில் தம் பெயர் தாங்கிய கருவியை முடித்தார். கண்டுபிடித்தார் என்பதைவிட, மூன்று பேர் தொட்டுவிட்டு வைத்ததை முடித்துவைத்தார் என்பது பொருந்தும். அடுத்த ஆண்டு லியோனுக்கு வந்த நெப்போலியன் கருவியை நகரத்துக்கே உரிமையாக்கி, ஜக்காருக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியம் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் செய்து வைத்துக்கொள்ளலாம் என்றானபின் பார்த்துச் செய்பவர்களுக்குக் குறைவா? சில ஆண்டுகளில் பிரான்ஸ் முழுவதும் ஆயிரக்கணக்கில் பரவி, பிறகு கடல் தாண்டியது. அதற்குமுன் கோபத்தில் சிலர் தறியை எரித்தார்கள் என்ற கதையும் லியோனில் உலவுகிறது.

கயிறு இழுத்த பிள்ளை விலகியது. ஆனால் ஆள் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டம் போட்ட தாளில் படம் வரைபவர், அதைப் பார்த்து அட்டை குத்துபவர் என்று இரண்டு புதுத் தொழில்கள் முளைத்தன. எந்த நூல் எப்போது எழ வேண்டும் என்ற அறிவு நெசவாளரின் வீட்டை விட்டு அட்டைக் கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கும். ஆரணியிலும் புது டிசைன் அட்டை முதலாளியிடமிருந்துதான் தறிக்கு வரும். அது நாலு வீடு தள்ளி இன்னொரு தறியில் நகலாக முளைத்தால் ஊரே பேசும்.

லியோனில் அதே காலத்தில் இன்னொரு காகிதமும் வந்தது. 1803-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரு கையேடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கே வேலை செய்தார், எப்போது விலகினார், முதலாளிக்குக் கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் அதில் ஏறும். இன்றைய பணிப்பதிவேட்டின் தாத்தா. 1806-இல் பட்டறைத் தலைவர்களுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வந்தது. பழைய வணிகரிடம் வாங்கிய முன்பணம் தீராமல் புதியவரிடம் போனால், புதியவர் அவர் கூலியில் பிடித்து அந்தக் கடனை அடைக்கப் பொறுப்பேற்க வேண்டும். ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலாளி மாற வேண்டுமென்றால் முன்பணத்தைத் தீர்த்துவிட்டுப் போ என்பது பட்டுத் தறி ஊர்களில் எல்லாரும் அறிந்த வழக்கம்.

முன்பணம் இங்கே எப்போதுமே கால்கட்டாக இருந்ததில்லை என்பதுதான் வியப்பு. தென்னிந்திய நெசவாளர் ஒரு காலத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடியும்; நல்ல விலை சொல்கிற வேறு வணிகரிடம் போவார். வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தச் சுதந்திரத்தை நசுக்கியது. கம்பெனிப் பணம் வாங்கியவர் கம்பெனிக்கு மட்டுமே நெய்ய வேண்டும். கண்காணிக்க ஆள் நிற்பார். 1751-இல் கிளைவும் 1782-இல் ஹைதர் அலியும் ஆரணியில் சண்டை போட்டதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. தறியோரம் நடந்த இந்த இழுபறி பாடத்தில் வராது.

லியோன் நெசவாளர்கள் 1831 நவம்பரில் கொதித்தெழுந்தார்கள். ஒப்புக்கொண்ட கூலிப் பட்டியலை வணிகர்கள் மதிக்கவில்லை என்பது காரணம். சில நாள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. எட்டே ஆண்டில், 1839-இல், அதே நகரம் ஜக்காரின் உருவத்தைப் பட்டில் நெய்து காட்டிப் பெருமைப்பட்டது. அதற்கு மட்டும் 24,000 அட்டைகள். செதுக்கி அச்சிட்ட படம் என்றே பார்ப்பவர்கள் ஏமாந்தார்கள். ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வாங்கி மாட்டினார். அட்டையால் பூ நெய்யலாம் என்றால் கணக்கும் போடலாமே என்று அதற்கு முன்பே தம் கணிப்பொறித் திட்டத்தில் துளையட்டையைச் சேர்த்திருந்தார். திட்டம் காகிதத்தோடு நின்றது.

அட்டையை மனிதர்கள்மேல் திருப்பியவர் அமெரிக்கர் ஹெர்மன் ஹாலரித். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவர். அந்தத் தாள்களை எண்ணி முடிக்கவே ஆண்டுக்கணக்கானது. ஒருமுறை ரயிலில் போகும்போது கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடுவதைக் கவனித்தார். பயணியின் முடி கறுப்பா வெளுப்பா, கண் எப்படி, மூக்குப் பெரிதா என்பதற்கெல்லாம் டிக்கெட்டில் இடம் இருந்தது. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் பயணம் செய்யாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆளின் அடையாளத்தையே துளையாக்கலாம் என்று ஹாலரித்துக்குப் பொறி தட்டியது. 1890 கணக்கெடுப்பில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. சேலையின் பூ இருந்த இடத்தில் வயதும் தொழிலும் வந்தன.

இதற்கிடையே நியூயார்க் மாநிலத்து ஆபர்னில் நகைக்கடைக்காரர் வில்லார்ட் பண்டி 1888-இல் ஒரு கடிகாரம் செய்தார். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட சாவி. திருகினால் வந்த நேரம் பதிவாகும். 1894-இல் டேனியல் கூப்பர் சாவிக்குப் பதிலாக ஆளுக்கோர் அட்டை கொடுத்தார். இடுக்கில் நுழைத்தால் வந்த நேரமும் போன நேரமும் அச்சாகும். உலகத் தொழிற்சாலைகளின் வாசலில் நின்ற வருகைக் கடிகாரம் அதுதான்.

1911-இல் சார்லஸ் ஃபிளின்ட் என்ற வணிகர் சில நிறுவனங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டார். ஹாலரித்தின் அட்டைக் கம்பெனி, வருகைக் கடிகாரக் கம்பெனி, கடைகளுக்குத் தராசு செய்கிற கம்பெனி. பொருத்தமே இல்லாத கூட்டு என்று தோன்றும். எனக்கென்னவோ பட்டு முதலாளி ஒருவர் யோசித்துச் சேர்த்தது போலவே படுகிறது. ஆரணியில் நெசவாளரை மதிப்பிடுவது எப்படி? பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள்; சேலை திரும்பி வரும்போது அதையும் எடை போடுவார்கள். பிறகு விரித்து, கரை நேராக இருக்கிறதா, இழை விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். அட்டை தறியில், தராசு கடையில். கடிகாரம் மட்டும் வரவில்லை. சேலைக்குத்தான் கூலி, மணிக்கு இல்லை. அந்த முப்பெருங் கூட்டு 1924-இல் பெயர் மாற்றிக்கொண்டது: ஐ.பி.எம்.

1930-களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்காகக் கோடிக்கணக்கான தொழிலாளர்களின் சம்பளக் கணக்கை அட்டையில் ஏற்றியது. அட்டையை மடிக்காதே, குத்தாதே, கிழிக்காதே என்ற எச்சரிக்கை அங்கே அவ்வளவு பிரபலம். 1960-களில் பெர்க்லி மாணவர்கள், எங்களையும் அப்படி நடத்தாதீர்கள் என்று அதைத் தங்கள்மேலேயே எழுதி மாட்டிக்கொண்டார்கள். இந்தியாவில் ரயில்வே அதே பத்தாண்டில் ஐ.பி.எம். கணினிகளை வாங்கியது. கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினி உள்ளே வரக்கூடாது என்று காவல் இருந்தார்கள். துளையட்டையைக் கண்டு ஜக்காரின் ஊர்க்காரர்கள் பட்ட பயம் அவர்களையும் பிடித்திருந்தது: கயிறு இழுக்கும் வேலை போய்விடுமோ?

ஆரணியில் அடை போய்ப் பெட்டி வந்தும் அந்த இரண்டாவது ஆள் போகவில்லை. காரணம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும்போது கரைக்குத் தனி நாடா வேண்டும். மறுபக்கம் உட்கார்ந்து அதைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். லியோனின் பெட்டி பூவைத்தான் பார்த்துக்கொள்ளும், கோர்வையை அல்ல. எனவே பிள்ளைகள் தொடர்ந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல். அதன் பிறகும், 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிபுரப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்காக அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளைக் கண்டு எழுதியது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவி உட்கார்கிறார். இரண்டு பேர் உழைப்பு, ஒரு சேலை, ஒரு கூலி. பணியாளர் பட்டியல் எதிலும் அவர் பெயர் தனியாக ஏறுவதில்லை. இத்தனைக்கும் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டு என்ற பெயரில் ஆரணிச் சேலை கடையேறுவதும் உண்டு.

இப்போது அட்டையே விடைபெறத் தொடங்கியிருக்கிறது. மின்னணு ஜக்கார்டில் டிசைன் பென்டிரைவில் வருகிறது. அதை ஓட்டக் கற்றுத்தரப் பயிற்சிகள் நடக்கின்றன. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ‘சமர்த்’ திட்டத்தில் பயிற்சிக்கு வருபவர் ஆதாருடன் இணைந்த விரல் ரேகை வைத்து வருகை பதிய வேண்டும்.

அந்த ரேகைக்கும் ஒரு பட்டு ஊர்தான் பிறந்தகம். வங்காளத்து ஜங்கிப்பூர், கம்பெனியின் பெரிய பட்டு மையமாக இருந்த இடம். 1858-இல் அங்கே அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று, ஒப்பந்தத் தாளில் அவர் கையையே மையில் தோய்த்து முழுதாக வைக்கச் சொன்னார். பயமுறுத்தத்தான் செய்தார், ஆனால் வைத்த கையைப் பார்க்கப்பார்க்க ரேகையில் ஆர்வம் பிறந்தது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைக்கென்று அலுவலகம் வந்தது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர் வகைப்படுத்தும் முறையை உருவாக்க, பெயர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. அங்கிருந்து ஸ்காட்லாந்து யார்டு, அங்கிருந்து உலகம்.

ஆக, பண்டியின் கடிகாரம் ஒருவழியாகப் பட்டு நெசவாளரிடமும் வந்து சேர்ந்தது, வங்காளத்து விரல் ரேகையைப் போட்டுக்கொண்டு. பயிற்சி நடக்கும் வரைதான் அதற்கு வேலை. முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுபடி சேலைக் கணக்குதான். மறுபக்கம் உட்கார்ந்து கரை நாடா தள்ளுகிறவருக்கு அந்தக் கணக்கும் இல்லை.