கையெழுத்திட்டவர் விடுதிக் காப்பாளர்

ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் பள்ளிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக வாங்கப்பட்ட ஒப்புதல் படிவங்களில் 9,543 படிவங்கள் பின்னால் ஆராயப்பட்டன. அவற்றுள் 1,948 படிவங்களில் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய இடத்தில் விடுதிக் காப்பாளரின் பெயர். ஒரே கையெழுத்தை வரிசையாகப் போட்டுக்கொண்டே போன அந்த மதியப் பொழுதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. சோறு எத்தனை பேருக்கு, சீருடை எத்தனை பேருக்கு என்று கணக்கெழுதும் அதே கை அது.

தடுப்பூசியின் பக்கவிளைவைப் பற்றிப் பேச வரும்போது நாம் வழக்கமாக அறிவியலிலிருந்து தொடங்குகிறோம். நான் இந்தப் படிவத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எச்பிவி எனப்படும் வைரஸ். அதற்கெதிரான இரண்டு தடுப்பூசிகள், மெர்க் நிறுவனத்தின் கார்டசிலும் கிளாக்சோ ஸ்மித்க்லைனின் செர்வாரிக்ஸும், 2008இல் இந்தியாவில் விற்பனைக்கு அனுமதி பெற்றன. அடுத்த ஆண்டே 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் இரு மாநில அரசுகளோடும் சேர்ந்து ஒரு 'செயல்விளக்கத் திட்ட'த்தைத் தொடங்கியது. பணம் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஊசி மருந்து நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்தது. 2009 ஜூலையில் கம்மத்தின் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஒன்றியங்களில் கார்டசில். ஆகஸ்டில் குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் செர்வாரிக்ஸ். இரண்டு இடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 சிறுமிகள். எல்லாரும் 10 முதல் 14 வயதுக்குட்பட்டவர்கள். கம்மத்தில் பலர் வீட்டை விட்டுப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படித்தவர்கள். பிள்ளைகள் ஏற்கெனவே ஓரிடத்தில் கூட்டப்பட்டிருக்கிறார்கள், பெற்றோரோ தொலைவில் இருக்கிறார்கள். திட்டம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பெற்றோர் இல்லாத இடத்தில் தலைமையாசிரியரும் காப்பாளரும் கையெழுத்திடலாம் என்று மாநில அரசே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

சில மாதங்களில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஐந்து பேர் கம்மத்தில், இரண்டு பேர் குஜராத்தில். ஒரு சிறுமி கல்குவாரித் தண்ணீரில் மூழ்கி இறந்தாள். ஒரு சிறுமியைப் பாம்பு கடித்தது. இரண்டு பேர் பூச்சிமருந்து குடித்தார்கள். ஒரு சிறுமி மலேரியாவில் போனாள். மற்ற இருவரின் சாவுக்குக் காரணம் தெளிவாகவில்லை. ஒன்று காய்ச்சல், இன்னொன்று மூளையில் இரத்தக் கசிவாக இருக்கலாம் என்றார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு 2011இல் அறிக்கை தந்தது. இச்சாவுகளுக்கும் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்பது அதன் முடிவு.

இந்த முடிவு தவறென்று நான் நினைக்கவில்லை. பாம்பு தடுப்பூசியைக் கேட்டுக் கடிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

தடுப்பூசியியலில் 'பின்னணி விகிதம்' என்று ஒரு கணக்கு உண்டு. ஊசியே போடாவிட்டாலும் ஒரு வயதினரில், ஓர் ஊரில், ஒரு காலத்தில் இத்தனை பேர் நோயுறுவார்கள், இத்தனை பேர் சாவார்கள். ஊசி போட்டவர்களிடையே அந்த எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்த்தால்தான் பக்கவிளைவு பிடிபடும். ஊசிக்குப் பிறகு நடந்தது என்பதாலேயே அது ஊசியால் நடந்ததாகிவிடாது. நல்ல கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் தடுப்பூசியைப் பற்றியும் நியாயமாகப் பேச முடியாது. ஆனால் அந்தக் கணக்கைப் போட, ஊசி போடாத சிறுமிகள் அதே ஒன்றியத்தில் எப்படி வாழ்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் எதிர்விளைவுகளைத் தனியே கண்காணித்துப் பதிவுசெய்யப் போதிய ஏற்பாடு இல்லை. காப்பீடும் இல்லை. 'இது மருந்துச் சோதனை அன்று, செயல்விளக்கம்' என்று பெயரிட்டதால் சோதனைக்குரிய பாதுகாப்புகள் தேவைப்படாமல் போயின. பெயரிடுவதில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தமிழ் இலக்கணம் படித்த எனக்கு அரசாங்கக் கோப்புகள் இன்னும் நன்றாகவே சொல்லித் தந்திருக்கின்றன.

ஆக, குவாரியும் பூச்சிமருந்தும் மலேரியாவும் 'பின்னணி' ஆயின. பன்னிரண்டு வயதுப் பெண் பூச்சிமருந்து குடிப்பது எந்த ஊருக்குப் பின்னணி? ஊசியைக் குற்றத்திலிருந்து விடுவித்ததோடு விசாரணை முடிந்துவிட்டது. அந்தச் சிறுமிகள் ஏன் செத்தார்கள் என்பது யாருடைய கேள்வியாகவும் மிஞ்சவில்லை.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் பெண்கள். திட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே பெண்கள் நல அமைப்புகள் மத்திய அரசுக்கு மனு கொடுத்தன. 2010 மார்ச்சில் டெல்லியைச் சேர்ந்த 'சமா' என்ற பெண்கள் நலக் குழு பத்ராசலம் பகுதிக்கு நேரில் சென்று சிறுமிகளிடமும் பெற்றோரிடமும் பேசியது. எதற்கான ஊசி என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊசிக்குப் பிறகு வயிற்றுவலி, தலைவலி, மாதவிடாயில் மாறுதல் என்று சிறுமிகள் சொன்னதை அவர்கள் எழுதினார்கள். பிருந்தா காரத் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அன்றிலிருந்து இந்தப் பெண்கள்மீது ஒரு பழி உண்டு: உங்களால்தான் இந்தியாவில் இந்தத் தடுப்பூசி பத்தாண்டு தாமதமாயிற்று, உங்கள் பெண்ணியத்தால் பெண்கள் செத்தார்கள். பழி லேசானதல்ல. உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2020இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,24,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; 77,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசும் பெண்ணியம் எனக்கு வேண்டாம்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை இன்று சான்றுகள் தெளிவாக இருக்கின்றன. ஸ்வீடனில் சுமார் 16 லட்சத்து 70 ஆயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. பக்கவிளைவுகள் இல்லாமலில்லை. கை வலிக்கும், வீங்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி போட்டவுடன் மயங்கி விழுவதும் உண்டு. அதனால்தான் கால்மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் தவணைகளில் ஒரு சிலருக்கு வரலாம். பிள்ளைப்பேறு பாதிக்குமாம் என்று என் மாணவிகள் அடிக்கடி கேட்பார்கள். இதுவரை நடந்த ஆய்வுகளில் அதற்கு ஆதாரமில்லை என்று சொல்வேன். கேட்டவள் முகத்தில் நிம்மதி வருவதற்குள் அடுத்தவள் கேட்பாள்: "அப்ப ஏன் மேடம் நிறுத்துனாங்க?"

நிறுத்துவதற்கும் விலை உண்டு என்பதை ஜப்பான் சொல்கிறது. அங்கே 2013 ஏப்ரலில் இந்த ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. வலியால் துடிக்கும், நடக்க முடியாத சிறுமிகளின் காட்சிகள் தொலைக்காட்சியில் வர, ஜூனிலேயே அரசு தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. எழுபது விழுக்காடாக இருந்த தடுப்பூசி வீதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டு ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அந்தச் சிறுமிகளின் வலி பொய் என்று இதற்குப் பொருளல்ல. வலிக்குக் காரணம் ஊசி என்பதற்குச் சான்றில்லை, அவ்வளவுதான். பரிந்துரையைத் திரும்பக் கொண்டுவர 2022 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஊசி கிடைக்காமல் போன தலைமுறையில் ஐயாயிரம் பெண்களாவது கூடுதலாக இறக்க நேரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஜப்பானில் பயம் ஊசியைப் பற்றியது. கம்மத்தில் கேள்வி அனுமதியைப் பற்றியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'தடுப்பூசி எதிர்ப்பு' என்று பெயர் வைப்பதில்தான் எனக்கு வழக்கு. பெண்கள் அமைப்புகள் அன்று கேட்டவை சாதாரணக் கேள்விகள். ஒரு தவணையே இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் ஊசியை மூன்று தவணை போட, இலவசம் முடிந்தபின் யார் பணம் தருவது? ஏற்கெனவே கையிலிருக்கும் எளிய பரிசோதனையை ஏன் பரவலாக்கவில்லை? நம் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனை, இந்நோயால் வரும் சாவை 35 விழுக்காடு குறைத்ததென 2007இலேயே ஆய்வு வெளியாகியிருந்தது. ஊசியும் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஆனால் ஒன்றுக்கு நன்கொடையும் விளம்பரமும் வந்தன, மற்றொன்றுக்குச் செவிலியர் பணியிடம்கூட வரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வைரஸ் ஆணிடமிருந்தும் வருகிறது. ஆஸ்திரேலியா 2013இலிருந்து பையன்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிறது. நம்மூரில் இடர்ப்பாட்டை எடைபோடச் சொல்வதெல்லாம் பெண்பிள்ளை வீட்டாரிடம்தான்.

2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் பாத் நிறுவனத்தையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கடுமையாகச் சாடியது. சாவுகளை ஆழமாக ஆராயாமல் தள்ளிவிட்டார்கள் என்றும் அது சொன்னது. பெண்கள் நலச் செயல்பாட்டாளர்கள் தொடுத்த கல்பனா மேத்தா வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுவரை போனது. 2018இல் வந்த தீர்ப்பு, நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் ஆதாரமாகப் பார்க்கலாமா என்பதைப் பற்றியது. பார்க்கலாம் என்றார்கள். சட்ட மாணவர்கள் இன்று அந்தப் பெயரை அதற்காகத்தான் படிக்கிறார்கள். கம்மம் ஓர் அடிக்குறிப்பு.

வரலாறு சில சமயம் விசித்திரமாகக் கணக்குத் தீர்க்கும். கம்மம் திட்டம் நிறுத்தப்பட்ட அதே 2010 ஏப்ரலில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில் நடத்திக்கொண்டிருந்த வேறொரு ஆய்விலும் ஊசி போடுவது நின்றது. திண்டுக்கல் பக்கத்து அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல ஊர்களில் நடந்த ஆய்வு அது. இரண்டு தவணையா மூன்று தவணையா என்று ஒப்பிடத் திட்டமிட்டிருந்தார்கள். பாதியில் நின்றதால் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுக் காலம் பின்தொடர்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது: ஒரு தவணையே போதும்போல் இருக்கிறது, நிலைத்துநிற்கும் தொற்றை அதுவே 95 விழுக்காடு தடுக்கிறது. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றபோது முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் இதுவும் ஒன்று. ஏழை நாடுகளுக்குச் செலவு மளமளவென்று குறைந்தது. பெண்கள் கேள்வி கேட்டதன் விளைவாக வந்த தடையும் அந்த அறிவுக்கு ஒரு காரணம் என்பதை யாரும் நன்றியோடு சொல்லிக் கேட்டதில்லை. நானும் அதை வெற்றியென்று கொண்டாட மாட்டேன். மீதித் தவணை ஏன் வரவில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்று என்ன சொல்லப்பட்டிருக்கும் என்பதே என் யோசனை.

இப்போது சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக் வந்துவிட்டது. சிக்கிம் 2018இலேயே பள்ளிகளின் வழியே போட்டு முடித்தது. ஒன்றிய அரசு 2024 இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊக்குவிப்போம் என்றது. தமிழ்நாடு 2025இல் 14 வயதுப் பெண்களுக்கு அறிவித்தது. நம் பள்ளிகளுக்கும் படிவங்கள் வரும். என்னைக் கேட்கும் தாய்மார்களிடம் போடச் சொல்கிறேன். போடுவதற்கு முன், அந்தப் படிவத்தை மகளோடு உட்கார்ந்து படியுங்கள், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண் அதில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள் என்றும் சொல்கிறேன். விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை யார் படித்துக்காட்டுவார்கள் என்பதை அரசு இப்போதே சொல்ல வேண்டும்.

கம்மத்தில் அன்று ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் மூத்தவர்கள் இப்போது முப்பதைத் தொடுகிறார்கள். கருப்பை வாய்ப் பரிசோதனை தொடங்க வேண்டிய வயது அது. எப்போது, எந்த ஊசி, எத்தனை தவணை போட்டீர்கள் என்று செவிலியர் கேட்டால், பதில் காப்பாளர் கையெழுத்திட்ட படிவத்தில்தான் இருக்கும்.