வக்காலத்தும் உரிமையும்: மதுரையிலும் வைக்கத்திலும் ஜார்ஜ் ஜோசப்

ஆய்வுச்சுருக்கம்

மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் (1887–1938) குற்றப்பரம்பரைச் சட்டத்திற்கு எதிராகவும் வைக்கம் போராட்டத்திலும் ஆற்றிய பணிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சாராத ஒருவர் அச்சமூகத்தின் உரிமைக்காகப் போராடலாமா என்னும் வினாவுக்கு இவ்விரு களங்களும் அளித்த மாறுபட்ட விடைகளை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஜார்ஜ் ஜோசப், குற்றப்பரம்பரைச் சட்டம், பிரமலைக் கள்ளர், வைக்கம், குடியுரிமை.

முன்னுரை

வழக்கில் தம் பொருட்டுப் பேசும் அதிகாரத்தை ஒருவர் வழக்கறிஞருக்கு எழுத்து வழியாக அளிப்பதே வக்காலத்து. நீதிமன்றத்தில் பிறருக்காகப் பேசும் உரிமை பிறப்பாலோ சமயத்தாலோ வருவதன்று. அந்த ஒப்புதலால் வருவது. அரசியலில் இந்த நெறி எந்த அளவுக்குச் செல்லுபடியானது என்பதை அறிவதற்கு ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

வழக்கறிஞரும் அரசியலாளரும்

திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் சிரியக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப், எடின்பரோவில் முதுகலைப் பட்டமும் இலண்டனில் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1909இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் வழக்கறிஞர் தொழிலை நடத்தினார். 1918இல் தன்னாட்சி இயக்கத்தின் சார்பில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட தூதுக்குழுவில் அவரும் இருந்தார்; அக்குழு ஜிப்ரால்டரில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டது. மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒத்துழையாமைக் காலத்தில் வருவாய் மிக்க தொழிலைத் துறந்து, அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டண்ட்' இதழுக்கு ஆசிரியரானார். 1921 இறுதியில் சிறை சென்றார். 1923இல் 'யங் இந்தியா' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார்.

மதுரை: கைரேகைச் சட்டம்

1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் மீது 1914 முதல் படிப்படியாகச் செயற்படுத்தப்பட்டது. வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டும். வெளியூர் செல்ல இராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். குற்றம் செய்தாரா என்பது அங்குக் கேள்வியே அன்று; பிறப்பே குற்றமாயிற்று. இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர்.

இச்சட்டத்தில் சிக்கியவர்களுக்காக ஜோசப் வாதாடினார். ஆயினும் வழக்கறிஞரின் கை எட்டாத ஓர் எல்லை இருந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப்பரம்பரை என அறிவிக்கும் அரசு அறிவிக்கையின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்று அச்சட்டமே விதித்திருந்தது. தனிமனிதர்மீதான வழக்கில் வாதிட இடம் இருந்தது. அவ்வழக்கின் வேரைத் தொட இடமில்லை. எனவே இதழெழுத்தும் அரசியலும் அவருக்குத் தொழிலின் தொடர்ச்சியாயின. மொழியாலும் சமயத்தாலும் அயலவரான அவரைக் கள்ளர் சமூகம் 'ரோசாப்பூ துரை' என்று தன்னவராக ஏற்றது. அவர் மேற்சட்டையில் அணிந்த ரோசாப்பூவே இப்பெயருக்குக் காரணம் என்பது மக்கள் வழக்கு.

வைக்கம்: மறுக்கப்பட்ட வக்காலத்து

1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் நடக்கத் தடை இருந்தது. கிறித்தவரும் இசுலாமியரும் நடக்கலாம். ஏப்ரல் 7 அன்று டி.கே. மாதவனும் கே.பி. கேசவ மேனனும் கைதான பின் ஜோசப் தலைமையேற்றார். அம்மாதத்திலேயே தாமும் கைதானார்.

இதற்கிடையே ஏப்ரல் 6 அன்று காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம்; அதனைக் கழுவ வேண்டியவர்களும் அவர்களே; ஜோசப் பரிவாலும் எழுத்தாலும் துணை நிற்கலாம், இயக்கத்தை நடத்தவோ சத்தியாக்கிரகம் செய்யவோ கூடாது என்பது அதன் சாரம். காந்தியின் நிலைப்பாட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை. தீண்டாமை ஒழிப்பை இந்து உறுப்பினர்களின் கடமையாகவே 1920இன் நாகபுரிக் காங்கிரசுத் தீர்மானம் வகுத்திருந்தது. பிற சமயத்தவர் தலையிட்டால் சிக்கல் சமயப் பூசலாகத் திரியும் என்ற அச்சமும் இருந்தது.

எனினும் இந்நிலைப்பாடு சிக்கலின் இயல்பையே மாற்றிவிட்டது. போராட்டம் கோயில் நுழைவுக்கானதன்று; பொதுத்தெருவில் நடப்பதற்கானது. தெரு பொதுவானது எனில் அதனைக் கோரும் உரிமை திருவிதாங்கூர்க் குடிமகனான ஜோசப்புக்கும் உண்டு. அவர் தடையின்றி நடக்கக்கூடிய தெருவில் சக குடிமகன் நடக்க முடியவில்லை என்பதே அவரது தகுதிக்குப் போதிய அடிப்படையாகும். குடியுரிமைச் சிக்கல் சமயத் தூய்மைச் சிக்கலாக வரையறுக்கப்பட்டதும் அத்தகுதி இல்லாமற்போயிற்று. தலைவர்கள் சிறைப்பட்டதால் எழுந்த வெற்றிடத்தைப் பெரியார் ஏப்ரல் 13 அன்று வைக்கம் வந்து நிரப்பினார்.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் மட்டுமே திறக்கப்பட்டன. முழு உரிமை 1936ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பிரகடனத்திற்குப் பின்னரே வந்தது.

முடிவுரை

ஜோசப் 1937இல் மத்திய சட்டமன்றத்திற்குக் காங்கிரசு சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1938 மார்ச் 5 அன்று மதுரையில் மறைந்தார். சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டதைக் காண அவர் இல்லை. மதுரையில் பாதிக்கப்பட்டோரே அவருக்கு வக்காலத்து அளித்தனர். வைக்கத்தில் அதனை மறுத்தது பாதிக்கப்பட்டோர் அல்லர், இயக்கத்தின் தலைமை. உரிமைப் போராட்டத்தில் பிறருக்காகப் பேசத் தகுதியுடையவர் யார் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் எவரிடம் இருக்க வேண்டும் என்ற வினாவை இவ்வேறுபாடு எழுப்புகிறது. வைக்கத்தின் வரலாற்றைத் தலைவர்களின் கடிதங்கள் வழியாக மட்டும் படிக்கும்போது இவ்வினா மறைந்துவிடுகிறது. மதுரையோடு சேர்த்துப் படிக்கும்போதே தெளிவாகப் புலப்படுகிறது.