தொடையிலிருந்து மணிக்கட்டுக்கு

இதயத்துக்குள் குழாய் விட்டுச் செய்யும் வைத்தியத்தின் கதையை டொக்டர்மாரின் பெயர்களை வரிசையாக அடுக்கித்தான் சொல்வது வழக்கம். நான் அதை வேறு விதமாகச் சொல்வேன்: உடம்பில் எந்த இடத்தில் ஊசி குத்தினார்கள்? இதய வாட்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு இலங்கையின் மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரம். இந்த மலைச் சனங்களுக்கு இந்த வைத்தியத்தின்மேல் இருந்த பயம் போனது ஊசி குத்தும் இடம் மாறிய பிறகுதான்.

முதல் இடம் முழங்கை மடிப்பு. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டொக்டர், கையில் உள்ள நாளம் வழியே இதயம் வரை போய்விடலாம் என்று நம்பினார். மேலதிகாரி சம்மதிக்கவில்லை. கருவி அலுமாரியின் சாவி கெர்டா டிட்சன் என்ற தாதியிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் சொன்னதைக் கேட்டு, தன் கையிலேயே செய்யும்படி அந்தப் பெண் முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, சிறுநீர் வழிக்கு விடும் குழாய் ஒன்றைத் தன் இடது கையில் 65 சென்டிமீட்டர் செலுத்திக்கொண்டார். கட்டை அவிழ்த்தபின் எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், குழாயின் நுனி இதயத்தின் வலது பக்கத்தில் நிற்பதைப் படம் பிடித்தார்கள். 1956இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகியோரோடு ஃபோர்ஸ்மனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கோ, இந்தத் தொழிலின் கதை கெர்டா டிட்சனின் துணிச்சலில்தான் தொடங்குகிறது.

அடுத்து தொடை. 1953இல் சுவீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர் ஒரு எளிய முறையை வெளியிட்டார்: ஊசியால் நாடியைக் குத்து, ஊசிக்குள் கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின்மேல் குழாயை ஏற்று. தோலை வெட்டித் திறக்கும் தேவை போய்விட்டது. இன்றும் தினமும் நடப்பது இதுதான். தொடை நாடி பெரியது, எளிதில் கைக்கு அகப்படுவது. அதனால் அதுவே பெருவழியானது. 1977 செப்டெம்பர் 16ஆம் திகதி சூரிச்சில் அந்திரேயாஸ் குருன்ட்சிக், விழித்திருந்த ஒரு மனிதரின் இதய நாடி அடைப்பைத் தொடை வழியாகப் போய் பலூனால் விரித்தார். அந்த பலூன்களை அவர் தன் சமையலறை மேசையில்தான் செய்து பார்த்தார். உதவியாளர் மரியா ஷ்லும்ஃப் கூட இருந்தார். 1986இல் சென்னையில் மாத்யூ சாமுவேல் களரிக்கல் அதே சிகிச்சையை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். அதே ஆண்டு பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் மனித இதய நாடிக்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய்கள் முதன்முதலாக ஏறின.

தொடை வழியின் கஷ்டம் தாதிமாருக்குத்தான் தெரியும். குழாயை எடுத்ததும் கால் மணி நேரம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மணல் மூட்டை வைத்து, நோயாளி காலை மடக்காமல் மல்லாந்தபடியே மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். இருமினாலும் இரத்தம் கசியும். சில வேளை தோலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் தேங்கும். இதைவிடப் பெரிய தடை வெட்கம். கொழுந்து பறிக்கும் அம்மாமார் இடுப்புத் துணியை விலக்கச் சொன்னதுமே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். “வேணாம் மிஸ்ஸி, மருந்தை மட்டும் குடுங்க, நான் போறேன்” என்று கைகூப்பியவர்கள் பலர்.

1989இல் கனடாவின் லூசியன் கம்போ, மணிக்கட்டு நாடி வழியாக இதய நாடிகள் படம் எடுக்கப்பட்ட 100 பேரைப் பற்றி எழுதினார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கிமனாய் அதே வழியாக பலூன் சிகிச்சையும் செய்தார். அந்த நாடி வைக்கோல் போல மெல்லியது. குழாயின் வெளி விட்டம் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர். தொட்டதும் நாடி சுருங்கிக்கொள்ளும். அதைத் தளர்த்த மருந்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின். முடிந்ததும் காற்று அடைத்த பட்டி ஒன்றைக் கையில் கட்டி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். நோயாளி எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார், தானே நடந்து கழிவறைக்குப் போவார். 2015இல் வெளிவந்த மேட்ரிக்ஸ் ஆய்வு 8,404 நோயாளிகளைப் பார்த்தது. மணிக்கட்டு வழியில் இரத்தப்போக்கும் மரணமும் குறைந்ததாகக் கண்டது. “சட்டைக் கைய மடிச்சாப் போதுமா மிஸ்ஸி?” என்று ஒரு தோட்டத்து அம்மா கேட்டபோது, இத்தனை வருடமும் அவர்களைத் தடுத்தது என்னவென்று எனக்கு விளங்கியது. வளைவுக்கு வளைவு குலுக்கும் பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டிய அவருக்குத் தொடையில் காயமில்லாததும் பெரிய நிம்மதி.

ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அந்த மணிக்கட்டு வழி பயன்பட, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி இலுக்கும்புர, பல்லேகம பக்கம் இருப்பவர், காற்று அறையும் ஒடுங்கிய பாதையில் மலை ஏறி இறங்கி மாத்தளைக்கு வர வேண்டும். பலூன் சிகிச்சைக்கு அங்கிருந்து கண்டிக்கு. ஈ.சி.ஜி.யில் முழு அடைப்பு தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் கிடைக்காது என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போடச் சொல்கிறது உலக வைத்திய நெறி. எங்கள் மலைக்கு அந்த விதி மிகவும் பொருந்தும். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யும் ஊசியும், பிறகு கண்டிக்குப் பயணம்.

2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நாடெங்கும் ஓடுகிறது. அதை அழைக்காமல், வாயுவென்று இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கும் பழக்கம்தான் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. நெஞ்சு கனத்து, வியர்த்து, இடது கை உளைந்தால் அந்த இலக்கத்தை உடனே அழுத்துங்கள். ஈ.சி.ஜி. தாளைப் பத்திரமாகக் கையோடு கொண்டு போங்கள். கண்டியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.